உள்ளே விட்ட துணி

உருண்டை டாக்டர் கண்ணாடி முன்னால் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"தலைவருக்கும், செயலாளருக்கும், இங்கே திரளாக வந்திருக்கும் சக மருத்துவ நண்பர்களுக்கும்..."

"எனக்கு நன்றி கிடையாதா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "காபி வாசனை பட்டா மருந்து கெட்டுடும்னு கல்யாணமான நாள்லேர்ந்து வீட்ல காபியே போடாம இருக்கேனே, அதுக்கு ஒரு வரி?"

"பேச்சைக் கெடுக்காதே. எங்கே விட்டேன்னு மறந்துபோச்சு."

"திரளாக வந்திருக்கும்னு சொல்லிட்டிருந்தீங்க. முதல்ல வரட்டும்."

சென்ற வாரங்களைத் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம், நாலு வரியில் சொல்லிவிடலாம். சின்னச் சின்னச் சர்க்கரை உருண்டைகளில் மருந்து கொடுக்கும் ஹோமியோபதி டாக்டர் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் உருண்டை டாக்டர். ஆளும் கொஞ்சம் உருண்டை என்று நினைத்துவிடாதீர்கள், தோளில் சட்டை நிற்காத ஒல்லி. அவருடைய ஒரே தங்கை தையல்காரி. நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் 'குட்டி'தான். அவளுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அழற்சி. குடல் சுவர் வீங்கிப் புண்ணாகி, சாப்பிட்டால் வலி, சாப்பிடாவிட்டால் மயக்கம் என்று படாத பாடு பட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் குடல் டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். துணைக்குத் தன் மருந்தும் இருக்கட்டுமா என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உருண்டை சாப்பிடட்டும், நான் தடுக்கலை. ஆனா என் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, கூப்பிடும்போதெல்லாம் வரணும்" என்றார் டாக்டரம்மா. அண்ணனுக்கு அது வேதவாக்கு. மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் தானே கூட்டிப் போய், தங்கைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

குட்டிக்கு உடம்பு தேறிக்கொண்டே வந்தது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜலதோஷத்துக்கும் மருவுக்கும் மருந்து கொடுத்தே தலை நரைத்த மனிதர் அவர். இன்று மதியம் ஹோமியோபதி மருத்துவர் சங்கத்தில் அவருடைய முதல் மேடைப் பேச்சு. 'சிறுகுடல் அழற்சியில் துணை மருத்துவம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். பேச்சின் முடிவில் குட்டியே எழுந்து நின்று நான்கு வார்த்தை பேசப்போகிறாள்.

"ஏங்க," மனைவி வாசல்வரை வந்தாள். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை. "குட்டி முகம் ஏன் அப்படி வெளுத்துக் கிடக்கு? முந்தாநாள் கையைப் பிடிச்சேன், குச்சி மாதிரி இருக்கு."

"கை அப்படித்தான் இருக்கும், எங்க வம்சம் அது. சட்டையைப் பார்த்தியா? அளவெடுத்த மாதிரி நிக்குது. இளைச்சிருந்தா தொளதொளன்னு தொங்காதா?"

"என்னமோ போங்க. டாக்டர் நீங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

*

குட்டி வீடு இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. குட்டியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு வருகிறவர் தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் போவார்.

"வாங்க மச்சான்!" அவர் கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி மேடையேறும் நாள் என்று லீவு போட்டிருந்தார். "குளிக்கறா. இதோ வந்துடுவா. உங்க கோட்டு ரெடி, உள்ளே மாட்டியிருக்கு பாருங்க."

"நீங்க ஏன் மாப்பிள்ளை இப்படிப் பளபளன்னு துடைக்கறீங்க? மேடைக்கு நான்தானே போறேன்?"

"முதல் வரிசையில உக்காரப் போறேனே!"

தையல் அறை கூடத்தை ஒட்டிய சின்ன அறை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் வெட்டுமேஜை, கம்பியில் வாடிக்கையாளர் துணிகள். நடுவில் தனியாக, சாம்பல் நிறத்தில், புதுக் கோட்டு. உள்துணி சிவப்பு. அண்ணனுக்குச் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷம் வந்தது. அதை எடுக்கக் கை நீட்டியபோது நாற்காலி இடறியது. நாற்காலியில் தொங்கிய குட்டியின் கைப்பை, தொப்பென்று தரையில் விழுந்தது.

பை விழுந்த சத்தமா அது? செங்கல் விழுந்த சத்தம்.

எடுத்துப் பார்த்தார். கை இறங்கியது. உள்ளே பெரிய கத்திரிக்கோல். அதற்குக் கீழே, வெட்டும்போது துணி நகராமலிருக்க மேலே வைப்பார்களே, அந்த இரும்புக் கட்டிகள். எல்லாவற்றையும் பையில் போட்டு வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியின் எடை மேடை அவருக்கு ஞாபகம் வந்தது. நர்ஸ் ஒவ்வொரு தடவையும் "பையைக் கீழே வைங்கம்மா" என்பாள். குட்டி பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, உள்ளே கத்திரி இருக்கு, எவனாவது தூக்கிட்டுப் போனா நான் வாயில கடிச்சா துணி வெட்டுவேன்?" என்பாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வாள். அண்ணனும் சிரித்திருக்கிறார்.

மெஷினில் ஊசிக்கடியில் ஒரு மேல்சட்டை பாதித் தையலில் நின்றிருந்தது. நீலப் பூப்போட்டது. குட்டி வெளியே போட்டுக்கொண்டு போகும் நல்ல சட்டை, இன்று மேடைக்குப் போடுவதாகச் சொன்னதும் அதுதான். உட்புறம் வெளியே திரும்பிக் கிடந்தது.

பக்கவாட்டில் முதலில் ஒரு நீலத் தையல். அதற்குள் கறுப்பு நூலில் ஒன்று. அதற்கும் உள்ளே பச்சையில் ஒன்று. அவசரத்தில் எந்த நூல் மெஷினில் இருந்ததோ அந்த நூலிலேயே பிடித்துத் தைத்திருந்தாள். கடைசியாக, இன்னும் முடியாமல், சிவப்பு. கோட்டின் உள்துணிக்குப் போட்ட அதே சிவப்பு நூல்.

தையலைப் பற்றி உருண்டை டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. இதைப் புரிந்துகொள்ள ஒன்றும் தெரியவேண்டியதும் இல்லை. முதல் தையலுக்கும் கடைசித் தையலுக்கும் நடுவே அவருடைய உள்ளங்கை முழுசாக வைக்கும்படி இடமிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து அவ்வளவு தங்கை காணாமல் போயிருந்தாள்.

எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாய், நெற்றியில் வியர்க்குமா கழுத்தில் வியர்க்குமா, கனவில் தண்ணீர் வருகிறதா, தாகத்துக்குச் சூடாகக் கேட்கிறதா குளிர்ச்சியாகக் கேட்கிறதா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாரா வாரம் கேட்டார். வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று எடை மட்டும் பார்க்கவில்லை. கிளினிக்கில் எடை மெஷின் பழைய பேப்பர்க் கட்டுக்குக் கீழே கிடந்தது.

*

குளியலறையில் குழாய் திறந்தபடியே இருந்தது. அதற்கு மேல் வேறொரு சத்தமும் கேட்டது. வாந்தி எடுக்கும் சத்தம். வெளியே கேட்கக் கூடாதென்றுதான் குழாய்.

குட்டி வந்தாள். மேலே சால்வை. அண்ணன் கையில் சட்டையைப் பார்த்ததும் நின்றாள்.

"என்ன குட்டி இது?"

"கஸ்டமரோடதுண்ணா. பிரிச்சுத் தைக்கக் குடுத்தாங்க."

"உன் சட்டை எனக்குத் தெரியாதா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"இவ்வளவு நாள் தெரியலையே." சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வெட்டுமேஜையைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். முகம் சுருங்கியது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வராமல் வலிக்கப் பழகியிருந்தாள்.

"மாப்பிள்ளை! இங்கே வாங்க!"

ஒரு காலில் ஷூவோடு அவர் ஓடி வந்தார். இருவருமாக அவளைத் தரையில் விரித்திருந்த துணிகளின் மேல் படுக்கவைத்தார்கள். அண்ணன் வயிற்றில் கை வைத்தார். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் உப்பி, மத்தளம் மாதிரி விறைத்திருந்தது.

"வாயு பிரிஞ்சுதா? வெளிக்குப் போனியா?"

குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல?"

"நேத்துலேர்ந்து எதுவும் இல்லைண்ணா. குடிச்ச தண்ணியும் வெளியே வந்துடுது."

உருண்டை டாக்டர்தான், ஆனால் படித்த டாக்டர். குடல் அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பாடம் படித்தவர். "ஆஸ்பத்திரிக்கு. இப்பவே. மாப்பிள்ளை, டாக்ஸி கூப்பிடுங்க."

"கூட்டம்?" என்றாள் குட்டி.

"கூட்டமாவது மண்ணாங்கட்டியாவது!"

"அப்படிச் சொல்லாதண்ணா. உன் உருண்டை ரெண்டு குடு, அரை மணியில எழுந்துடுவேன். உக்காந்துக்கிட்டே பேசிடறேன்."

மருந்துப் பெட்டி அவர் கையில்தான் இருந்தது. பழக்கத்தில் மூடியைத் திறந்துவிட்டார். வரிசை வரிசையாகக் குப்பிகள், அவர் கையெழுத்தில் பெயர்கள். எத்தனையோ ராத்திரி புத்தகத்தைப் புரட்டிப் பொறுக்கி எடுத்த மருந்துகள். எந்தக் குப்பியின்மேலும் விரல் போகவில்லை. பெட்டியை மூடினார். தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் குட்டி பொய் சொன்னே? ஒரு தடவையா ரெண்டு தடவையா? முழுப் பூசணிக்காயை இல்ல சோத்துல மறைச்சிருக்கே!"

"முதல் தடவை பொய் இல்லைண்ணா. நிஜமாவே கொஞ்சம் நல்லா இருந்துச்சு, மாத்திரையிலயோ எதுலயோ. நல்லா இருக்கேன்னு சொன்னேன். அப்ப நீ சிரிச்சே பாரு." மூச்சு வாங்கினாள். "நீ அப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? நாலு பேருக்குப் போன் பண்ணிச் சொன்னே. அண்ணிகிட்ட சொன்னே, செயலாளர்கிட்ட சொன்னே. அடுத்த வாரம் திரும்ப வலிக்க ஆரம்பிச்சுது. எப்படிச் சொல்றது?"

"எனக்காகவா? அடிப் பைத்தியமே!"

"திட்டாதண்ணா, வயிறு குலுங்குது."

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்தபடியே நின்றார். எதிர்முனையில் டாக்ஸிக்காரன் எங்கே வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளைக்குத் தன் வீட்டு விலாசம் வாயில் வரவில்லை.

*

மாடிப்படியில் மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கனமே இல்லையே, கனமே இல்லையே என்று ஒவ்வொரு திருப்பத்திலும் முணுமுணுத்தார். "கோட்டை எடுத்துக்கோண்ணா, மெஷின்கிட்ட எண்ணெய் பட்டுடும்" என்று அவள் சொன்னதால் அண்ணன் கோட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

டாக்ஸி ஒரு பள்ளம் விடாமல் இறங்கி ஏறியது. அவருடைய போன் அடித்தது. சங்கச் செயலாளர்.

"டாக்டர், எங்கே இருக்கீங்க? மண்டபம் ரொம்பிடுச்சு. குணமான நோயாளியை நேர்ல பார்க்கணும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நோயாளி வர முடியாதுங்க."

"ஏன்?"

"அவளுக்கு உடம்பு சரியில்லை."

அண்ணன் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வலியாகி, வலி வாந்தியாகி, மாப்பிள்ளை பளபளவென்று துடைத்த ஷூவின் மேல் விழுந்தது. பச்சையாக இருந்தது. மாப்பிள்ளை காலை நகர்த்தக்கூட இல்லை.

*

அவசரப் பிரிவில் பச்சைத் திரைகளுக்கு நடுவே ஒரு கட்டில் கிடைத்தது. கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். குடல் டாக்டரம்மா வேகமாக வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"எத்தனை நாளா வலி?"

குட்டி பதில் சொல்லுமுன் அண்ணனைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு, "இன்னிக்குத்தான் டாக்டர். கொஞ்சம் அதிகமாயிடுச்சு. மத்தபடி பரவாயில்லை" என்றாள்.

அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். டாக்டரம்மாவின் அறையில் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால், குட்டி அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள். தைரியத்துக்காகப் பார்க்கிறாள் என்று அவரும் தலையை ஆட்டிச் சிரிப்பார். இப்போது புரிந்தது. பக்கத்து நாற்காலியில் தான் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த அறையில் உண்மை வெளியே வரவில்லை. சட்டை ஒரு பக்கம், மாத்திரையின் அளவு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன.

அவர் திரையை விலக்கினார்.

"எங்கே போறீங்க?" என்றார் டாக்டரம்மா. "எப்பவும் கூட இருப்பீங்களே, எனக்கு விவரம் வேணும்."

"நான் இருந்தா விவரம் வராது டாக்டர். அவகிட்டயே கேளுங்க."

வெளியே வந்து திரைக்கு அந்தப்புறம் நின்றார். அவரால் செய்யமுடிந்த வைத்தியம் அன்றைக்கு அது ஒன்றுதான். உள்ளே டாக்டரம்மா தணிந்த குரலில், "இப்பச் சொல்லும்மா" என்றார். அப்புறம் குட்டியின் குரல் வந்தது. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றதைச் சொன்னாள். அதுவும் நிற்காமல் போனதைச் சொன்னாள். ராத்திரியெல்லாம் மெஷினை வெறுமனே மிதித்து ஓடவிட்டுக்கொண்டு, தான் முனகுவது கணவருக்குக் கேட்காமல் பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. "வலிக்குது டாக்டர். ரொம்ப வலிக்குது. அம்மா... வலிக்குதே!" என்று அலறினாள்.

மருந்து தொடங்கியபின் வலிக்கிறது என்று அவள் வாயிலிருந்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. திரையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

*

மாப்பிள்ளை தாழ்வாரத்து பெஞ்சில் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி மெஷின் ஓடுதேன்னு கேப்பேன் மச்சான். அர்ஜென்ட் ஆர்டர்ம்பா. அடிக்கடி பாத்ரூம் போறாளே, அது தெரியும் எனக்கு. கேட்டேன். அண்ணன் மருந்து கழிவை வெளியேத்துதுன்னா."

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படத் தெரியாத மனிதர். அந்தப் பார்வையில் இப்போதும் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"நீங்கதானே மச்சான் சொன்னீங்க? மருந்து சரியாப் பிடிச்சா நோய் முதல்ல கொஞ்சம் ஏறிட்டு அப்புறம்தான் இறங்கும்னு. அவ முடியாம படுக்கும்போதெல்லாம், சரி, மருந்து வேலை செய்யுதுன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

அவர் சொன்னதுதான். கூடத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, பெருமையாகச் சொன்னார். பூமி பிளந்து உள்ளே போகமாட்டோமா என்றிருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "குடல் அடைச்சிருக்கு. அழற்சி இருந்த இடம் சுருங்கியிருக்கும்னு சந்தேகப்படறேன். மூக்கு வழியாக் குழாய் விட்டு வயித்தைக் காலி பண்ணிட்டு உடனே ஸ்கேன் எடுக்கணும். வெறும் வீக்கம்னா ஊசி மருந்துல இறங்கலாம். தழும்பாகி இறுகிப்போயிருந்தா அந்த இடத்தை வெட்டி எடுக்கணும். உள்ளே ஓட்டை விழுந்திருந்தா..." நிறுத்திக்கொண்டார்.

"டாக்டர், என்னாலதான் இவ்வளவும்."

"என் பங்கும் இருக்கு. நல்லா இருக்கேன்னாங்க, நம்பி அளவைக் குறைச்சேன். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தாங்களே, அப்பவே நான் விடாப்பிடியா நின்னிருக்கணும். அதைப் பேச இப்ப நேரம் இல்லை. இப்ப பிரச்னை வேற. அவங்க எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. குழாயும் வேணாமாம், ஸ்கேனும் வேணாமாம். அண்ணன் மருந்து குடுப்பாரு, ரெண்டு நாள் பார்க்கலாம்ங்கறாங்க. ரெண்டு நாள் இல்லை, ரெண்டு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. நான் சொல்லியாச்சு, நர்ஸ் சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க."

*

குட்டி கண்ணை மூடியிருந்தாள். கட்டிலில் அவள் இருக்கிற இடம் தெரியவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"குட்டி."

"ம்."

"என் மருந்தால இது ஆகாது."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"கேட்டுச்சா? என் உருண்டையால முடியாது. இன்னிக்கும் முடியாது, ரெண்டு நாள் கழிச்சும் முடியாது. டாக்டரம்மா சொல்றதைக் கேளு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"தெரியும்ணா."

"என்ன தெரியும்?"

"இந்த நோய்க்கு அது ஆகாதுன்னு. எப்பவோ தெரியும்." அவள் குரல் காற்றாக வந்தது. "உனக்கு முன்னாடி நானே அதைச் சொல்லிட வேணாமேன்னு பார்த்தேன். உன் வாயால வந்துடுச்சுல்ல? சரி, குழாய் போடச் சொல்லு."

நர்ஸ் குழாயோடு வந்தாள். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். மூக்கு வழியாகக் குழாய் இறங்கியபோது அவள் அவர் விரல்களை நெரித்தாள். அவருக்கு அது போதவில்லை, இன்னும் நெரித்தால் தேவலை என்றிருந்தது. பச்சைத் தண்ணீர் பையில் இறங்கத் தொடங்கியது.

ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக ஆள் வந்து கட்டிலின் சக்கரத்தை விடுவித்தான்.

"இரு," என்றாள் குட்டி. மூக்கில் குழாயோடு பேச்சு குழறியது. "கோட்டைப் போட்டுக் காட்டுண்ணா."

"இப்பவா? அப்புறம் பார்த்துக்கலாம்மா."

"இப்பப் போடு. அப்புறம் எப்ப பார்க்கறது?"

வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அது அவர் கையிலேயே கசங்கிக் கிடந்தது. போட்டுக்கொண்டார். அவசரப் பிரிவின் நடுவில், பச்சைத் திரைகளுக்கு முன்னால், சாம்பல் நிறக் கோட்டோடு நின்றார். தங்கையின் கண் தோளிலிருந்து கை முனைவரை தையல்காரியாகவே ஓடி வந்தது.

"தோள் சரியா உக்காந்திருக்கு. பக்கத்துல உள்ளே துணி விட்டிருக்கேன், தொட்டுப் பாரு. இன்னிக்கு மேடையேறிட்டீன்னா கிளினிக்குக்குக் கூட்டம் வரும், கவலை தீரும், நீ நாலு சதை போடுவேன்னு நினைச்சேன். அப்ப பிரிச்சு விட்டுக்கலாம். துணி நிறைய இருக்கு."

கட்டில் உருண்டது. மாப்பிள்ளை கதவுவரை ஓடிப் போய் நின்றார். கதவு சாத்திக்கொண்டது. அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

அண்ணன் கோட்டின் உட்பக்கம் கைவிட்டுத் தடவினார். உள்துணிக்குக் கீழே, மடித்து விட்ட துணி இரண்டு விரல் அகலத்துக்கு விரலில் தட்டியது.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை, கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதைப் பிரிச்சுத் தைக்க அவதானே வரணும்?"

அண்ணன் அவர் பக்கத்தில் வந்தார். இருவரும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.